பாட்டுக்கு வாசித்த ஓலை

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. எனக்கு முப்பத்தாறு வயது ஆகியும் என் பெயருக்கு ஒரு ஓலையும் வாசித்தபாடில்லை. ஆனால் 1986 ஆகஸ்டில் என் பாட்டுக்கு வாசித்தார்கள். அதுவும் வேறொருத்தர் பெயரைச் சொல்லி!

ஃபாதர் அமிர்தசாமி பங்குக்கென்று பாட்டுப் புத்தகம் அச்சடிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். போன தடவை புத்தகம் போட்டபோது ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடி, கோயில் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்தத் தடவை ஒரு யோசனை செய்தார். கல்யாண ஓலை மாதிரியே பாட்டுகளின் பட்டியலையும் மூன்று ஞாயிறு வாசித்துவிட்டால், பிறகு யாரும் வாயைத் திறக்க முடியாதல்லவா?

"எழுபத்து மூன்றாம் பாடல், தட்டும் ஐயா. இயற்றியவர், நம் பாடற்குழுத் தலைவர் திரு. அற்புதசாமி. தடை ஏதும் அறிந்தவர்கள்..."

"அடப்பாவி!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா ஜெபமாலையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

பாட்டை எழுதினவள் நான். லூர்துராணி, கன்டோன்மென்டில் ஓர் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். அந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொன்னால் ஃபாதருக்கே வியர்த்துவிடும்.

1974-இல் மணப்பாறையிலிருந்து பாலக்கரைக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கையில் ஒரு டின் முறுக்கு. பெண்ணைப் பாடச் சொன்னார்கள். மாதா பாட்டு ஒன்றை நெஞ்சுருகப் பாடினேன். ஒரு வாரம் கழித்துத் தரகு பேசிய ரோசம்மாள் அக்கா வந்தார். "பொண்ணு நல்ல பொண்ணுதானாம். கொரலு மட்டும் ஆம்பளக் கொரலா இருக்காம். மாப்ளைக்குப் புடிக்கலையாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த முறுக்கு டின்னைத் தெருவில் வீசியிருப்பேன். ஆனால் என் அண்ணன் பாக்கியநாதன் அதற்குள் எல்லாவற்றையும் தின்று தீர்த்திருந்தான்.

அந்த மாப்பிள்ளையின் பெயர் அற்புதசாமி. ஆமாம், இதே அற்புதசாமிதான்.

அன்றிலிருந்து கோயிலில் பாடுவதை நிறுத்தினேன். ஆபீஸில் கெட்டுப்போன தாள் ஒன்றின் பின்பக்கத்தில், மெட்டும் நானே போட்டு, இப்படி எழுதினேன்.

தட்டாதே என் கதவை, தட்டாதே
தாழ்ப்பாளைப் போட்டது நான்தானே
உள்ளே இருக்கேன், உசிரோட இருக்கேன்
உன்னை நம்பி நான் பொறக்கலையே

அண்ணனுக்குத் திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலை. ரேடியோவில் வரும் இங்கிலீஷ் ராக் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு கிட்டார் பழகியவன். கிட்டாரைப் பழைய ரேடியோ ஒன்றோடு இணைத்தான். அதன் ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. கிட்டார் கரகரவென்று உறுமியது, என் வயிற்றெரிச்சலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. டிரம் அடிக்க என் ஆபீஸ் குமாஸ்தா சேஷு வந்தான். ஸ்ரீரங்கத்துப் பையன், அப்பாவோடு பெருமாள் கோயில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சொல்கிற வீடு. டிரம்மை பேண்டு செட் ஜெகபர் அலி பாயிடம் வாடகைக்கு எடுத்தோம்.

1975 மே தினத்தன்று தொழிற்சாலைக் குடியிருப்பு மைதானத்தில் அரங்கேற்றம். பாட்டை முடித்துவிட்டு நான் மைக்கை விட்டு நகர்ந்தால், சேஷு நிறுத்தவில்லை. கடைசி இரண்டு வரிக்கு மறுபடியும் அடிக்கிறான்! வேறு வழியில்லாமல் திரும்பி வந்து அந்த இரண்டு வரியையும் இன்னொரு தரம் பாடினேன். விசில் பறந்தது.

"ஏன்டா, கூறு கெட்டுப் போச்சா?" என்று இறங்கியதும் கேட்டேன்.

"பிரபந்தம் சொல்லி முடிக்கற சாத்துமுறைல கடைசிப் பாசுரங்களை ரெண்டு தரம் சேவிக்கறது வழக்கம். முடியறதுன்னதும் கை தன்னால போயிடுத்து, மன்னிச்சுக்கோ" என்றான். அன்றிலிருந்து பாட்டு அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அது என் கையில் இல்லை. 1977-இல் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் அதைக் கலை விழாவில் பாடினார்கள். வேகத்தைக் குறைத்து, காதலி கைவிட்ட சோகமாக ஆக்கிவிட்டார்கள். கதவைச் சாத்தியவள் நான், அழுகிறவன் அவனாம்! அடுத்து சேஷுவின் மனைவி வேதவதி நவராத்திரிக் கொலுவில் ராகம் போட்டுப் பாடினாள். பரமபத வாசலைத் திறக்கச் சொல்லி ரங்கநாதரைக் கெஞ்சுகிற பாட்டாக அது மாறியிருந்தது. சுண்டலை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தேன். ஜெகபர் அலி பாயோ எல்லோரையும் தூக்கி அடித்துவிட்டார். தன் டிரம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க மே தினத்தன்று வந்தவர், மெட்டைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். ஊரெல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் ஊதினார். மாப்பிள்ளையே வராதே என்று நான் எழுதிய பாட்டு!

கடைசியாக அற்புதசாமி. வாத்தியார் வேலை மாற்றலாகி, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு 1981-இல் எங்கள் பங்குக்கே வந்து சேர்ந்தார். நான் கண்ணாடி போட்டு, உடம்பும் போட்டிருந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. அடுத்த வருஷமே 'தட்டும் ஐயா என் கதவை' என்று ஆண்டவரை அழைக்கும் பாட்டு வந்தது. பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும் நேரத்தில் அதைக் கேட்டு ஊரே உருகும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நாலு வருஷம் பொறுத்தேன். பாடிவிட்டுப் போகட்டும். ஆனால் அச்சில் அவர் பெயரா? என் குரல் ஆகாது, என் பாட்டு மட்டும் ஆகுமா? என் பெயர் வர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், ஆளின் பெயரைத் தவிர. அவர் தாடையைத் தடவினார். "சாட்சி வேணுமேம்மா. அப்படியே நிஜமா இருந்தாலும், கோவத்துல யாரையோ திட்டி எழுதுன பாட்டை ஜெபப் புத்தகத்துல எப்படிப் போடுறது? எடுத்துர வேண்டியதுதான்" என்றார். பெயர் வேண்டுமென்றால் பாட்டு போய்விடும். பாட்டு இருக்க வேண்டுமென்றால் பெயர் வராது. நல்ல நியாயம்!

இரண்டாம் ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். அன்று சாயங்காலம் நேரே அற்புதசாமி வீட்டுக்குப் போனேன்.

"சார், அந்தப் பாட்டு என்னோடது."

அவர் கோபப்படவில்லை. "மணப்பாறையில ஒரு கல்யாணத்துல பேண்டு செட்டு வாசிச்ச மெட்டுங்க அது. பழைய மெட்டுன்னு நெனச்சேன். வார்த்தை நான் முழங்கால் போட்டு ஜெபிச்சு எழுதுனது."

"கடைசி ரெண்டு வரிய ஏன் ரெண்டு தடவ பாடுறீங்க?"

"அது... அப்படித்தாங்க வரும்."

சேஷுவின் கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, "யாரை நெனச்சு எழுதுனீங்க?" என்று கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்த ஒருத்தர. ஆம்பளக் கொரலுன்னு சொல்லிட்டுப் போனாரு."

அவர் சிரிப்பு நின்றது. என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அவரு மணப்பாறைக்காரருங்களா?"

"ஆமா."

அந்த நேரம் அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். "சர்க்கரை போதுமாங்க?" என்று கேட்டார். போதும் என்றேன். அற்புதசாமி தரையைப் பார்த்தபடி இருந்தார். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் ஞாயிறு. ஃபாதர் எழுபத்து மூன்றுக்கு வந்தார். எழுந்து நின்றேன்.

"தடை இருக்கு ஃபாதர்."

கோயில் மொத்தமும் திரும்பியது. "பூச முடிஞ்சு பேசுவோம்மா."

"வாசிச்சது இங்கதானே ஃபாதர்? தடையும் இங்கயே சொல்லிடுறேன். சாட்சி கேட்டீங்க, நானேதான் சாட்சி" என்றேன். பாட ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு வருஷமாகக் கோயிலில் திறக்காத தொண்டை. முதல் வரி கீச்சென்று உடைந்தது. இரண்டாவது வரியில் என் குரல் எனக்குக் கிடைத்தது. அடிவயிற்றிலிருந்து கனமாக வந்தது, கூரை வரைக்கும் போனது. தட்டாதே என்றே பாடினேன், ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. கடைசி இரண்டு வரியை இரண்டாம் தரமும் பாடி நிறுத்தினேன்.

ஃபாதர் மெதுவாகக் கேட்டார். "இவ்வளவு கோவம் யார் மேலம்மா?"

சொல்லத்தான் வந்திருந்தேன். பெண்கள் பக்கம் முன் வரிசையில் அற்புதசாமியின் மனைவி, மடியில் சின்னப் பெண் தூங்குகிறது. சர்க்கரை போதுமா என்று கேட்டவர். இவர் முன்னால் எப்படிச் சொல்வது? என் பெயர் போனால் போகட்டும் என்று உட்காரப் போனேன்.

"என் மேல ஃபாதர்."

ஆர்மோனியத்தை விட்டு அற்புதசாமி எழுந்து நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவங்களப் பொண்ணு பாக்கப் போனவன் நான்தான். இவங்க கொரலு எங்க கொரலையெல்லாம் அமுக்கிரும்னு எனக்குப் பயமா இருந்துச்சு. ஆம்பளக் கொரலுன்னு சொல்லி ஒதுக்குனேன். அது தப்பு. பாட்டு அவங்களோடது. என் பேர அடிச்சிருங்க."

அவர் மனைவி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பகை இல்லை.

"அப்ப பாட்டையே எடுத்துடலாமா?" என்று ஃபாதர் என்னைத்தான் கேட்டார்.

"எதுக்கு ஃபாதர் எடுக்கணும்? தட்டுறவரு ஆண்டவரா இருந்தா, கதவத் தெறக்க எனக்கு என்ன வந்துச்சு? மெட்டுக்கு என் பேரப் போடுங்க. வார்த்தைக்கு அவரு பேரு இருக்கட்டும், முழங்கால் போட்டு எழுதுனாராம்."

கோயிலில் சிரிப்பு ஓடியது. ஃபாதரும் சிரித்துக்கொண்டே பட்டியலில் திருத்தி எழுதினார். நற்கருணை நேரம் வந்தது. அற்புதசாமி ஆர்மோனியத்தில் கை வைத்தவர், ஆரம்பிக்காமல் பெண்கள் பக்கம் பார்த்தார்.

"வந்து நீங்களே பாடுங்க. எந்த ஸ்ருதி உங்களுக்குச் சௌகரியம்?"

சொன்னேன். பாடற்குழு இதுவரை பாடியதைவிட வெகு கீழே. அவர் அந்த அளவுக்கே இறங்கி ஸ்ருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.