இடாப்பில் ஏறிய பெயர்

நான் சைவக்காரன், அதுவும் யாழ்ப்பாணத்து நல்லூர்ப் பக்கத்துச் சைவக்காரன். அப்படிப்பட்ட நான் டுபாயில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தேவாலயத்து ஹோலில் இருந்து இடாப்புக் கூப்பிடுகிறேன் என்று தெரிந்தால் என் தமக்கை ஒரு மாதம் கடிதம் போடமாட்டாள். ஆகவே நான் ஊருக்கு அதைப் பற்றி எழுதவே இல்லை.

வினை குடல்வால் ஒப்பரேஷனில் தொடங்கியது. எண்பத்தைந்தாம் ஆண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைப் பார்த்துக்கொண்ட நேர்ஸ் மிஸஸ் பெர்மால். ஐம்பது வயது, வாட்டசாட்டமான உடம்பு, கண்டிப்பான குரல். படிவத்தில் நான் நிரப்பியிருந்த ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு, தையல் வெட்டுவதற்கு முன்னமே எனக்கொரு வேலை தந்துவிட்டார். எழுத வாசிக்கப் பழக்க அவர் நடத்தும் வகுப்புக்கு, வருகிறவர்களின் பெயர் பதிய இடாப்பு எழுதவும், படிக்க வரும் பெண்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்கவும் ஒரு ஆள் வேண்டுமாம். ஊசி போடுகிறவர் கேட்டால் மறுக்க முடியுமா?

அவர் மேற்கிந்தியத் தீவுகளில் ரினிடாட் தீவைச் சேர்ந்தவர். முகத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறி பேரம் பேசுகிற மனுஷி போல இருப்பார், ஆனால் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பெர்மால் என்பது பெருமாள்தான், நீங்கள் எங்கள் ஆட்கள்தான் என்று நான் ஒருநாள் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“கரும்புத் தோட்டத்துக்கு என் பாட்டனின் தகப்பன் கப்பலேறி வந்தார். கப்பல் கிளாக்கர் தனக்குப் பட்டதை எழுதினான். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு எங்களுக்கு அதுதான் பெயர்” என்றார்.

நான் அப்போது டுபாயின் தேராப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கராக இருந்தேன். அதை அந்த நேரம் சொல்லவில்லை.

அவருடைய கிறிஸ்தவ சபை அந்தத் தீவில் கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிப் பழகிய சபை. இப்போது தோட்டங்கள் குறைந்து, படிப்பிக்க ஆள் தேடிக் கடல் கடந்து பார்த்திருக்கிறார்கள். அரபு நாடுகளில் வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் கண்ணில் பட்டிருக்கிறார்கள். தீவிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகமும் கொப்பியும் பென்சிலும் கப்பலில் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடாப்பின் பிரதி இங்கிருந்து தீவுக்குப் போகும். இரண்டு புத்தகம் முடித்துப் பரீட்சையில் பாஸானவர்களுக்குச் சபை முத்திரை குத்திய சான்றிதழ் வரும். வகுப்பில் ஜெபமில்லை, பாட்டில்லை, எழுத்து மட்டும்தான். ஆனாலும் நடப்பது தேவாலய வளவில் என்பதால் முஸ்லிம் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். இருக்கிற இடத்தின் மரியாதையைக் காக்கவேண்டும் என்பார்.

பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி வள்ளிநாயகி. இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெண், வயது முப்பதிருக்கும், அல் குசைஸில் ஒரு அரபு வீட்டில் வேலை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து ஆட்களைப் பற்றி யாழ்ப்பாணத்தான் என்ன நினைப்பானோ அதைத்தான் நானும் நினைத்தேன். வாய் நிறைய ‘ஐயா’ என்று கூப்பிடுவாள். நான் ‘நீ’ என்றுதான் பேசினேன். அதில் ஏதும் பிழை இருப்பதாக எனக்குப் படவில்லை.

அவளுடைய சங்கதி கொஞ்சம் சிக்கல். தோட்டத்தில் அவளுடைய குடும்பத்துக்கு, இந்தியாவிலிருந்து வந்த பரம்பரை என்று, பிரஜாவுரிமை இல்லை. பிரஜாவுரிமை இல்லாவிட்டால் பாஸ்போட் இல்லை. கொழும்பு ஏஜென்சிக்காரன் இதற்கெல்லாம் அசருகிற ஆளா? கிழக்குப் பக்கத்து சித்தி மரியம் என்ற ஒரு முஸ்லிம் பெண்ணின் பிறப்புப் பதிவைப் பிடித்து, அதற்கு இவளுடைய படத்தை ஒட்டி அனுப்பிவிட்டான். அப்படி வந்தவர்கள் வகுப்பிலேயே மூன்று பேர் இருந்தார்கள், யாரும் அதைப் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. வேலை வீட்டில் அவள் மரியம். வீட்டுக்காரியை, அரபு வீடுகளில் வேலை செய்கிற எல்லாரும் போல, மாமா என்றுதான் கூப்பிடுவாள்; அம்மா என்று அர்த்தம். மாமா நல்ல மனுஷி. மரியத்துக்குத் தொழுகைப் பாய் வாங்கிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்காவின் ரூமுக்கு என்று சொன்னால் போய்வரவும் விட்டாள். அக்காவும் இல்லை, ரூமும் இல்லை. நோன்பு மாதத்தில் இவளும் முப்பது நாளும் நோன்பு பிடித்தாள்.

“பட்டினி கெடக்கிறது தோட்டத்து லயத்துல பழக்கம்தானுங்களே ஐயா. இங்க சாயந்தரமானா நெறைய சாப்பாடு வேற” என்றாள்.

முதல்நாள் வந்தபோது மிஸஸ் பெர்மால், எதற்குப் படிக்கவேண்டும் என்று எல்லாரையும் போல அவளையும் கேட்டார். கடிதம் வாசிக்க, பஸ் பலகை வாசிக்க என்று மற்றவர்கள் சொன்னார்கள். இவள் கொஞ்சம் யோசித்தாள்.

“எம் பேர்ல ஒரு காயிதங்கூட கெடையாதுங்க. பொறந்த பதிவு இல்ல. தோட்டத்துல வேலைக் கணக்குப் போடுற செக்ரோல்ல கணக்கப்பிள்ளை ஐயா ‘வள்ளி ரெண்டு’ன்னு எழுதுவாரு, இன்னொரு வள்ளி இருந்ததால. பாஸ்போட்டு வேற ஆளோடது. இங்க பாஸ் பண்ணினா பேர் போட்டுக் காயிதம் தருவாங்கன்னு சொன்னாங்க.”

நான் அதை, “சான்றிதழ் வேண்டுமாம்” என்று ஆங்கிலத்தில் சுருக்கினேன். நீட்டி முழக்குவதையெல்லாம் அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் வகுப்பு முடியுமா?

ஆள் கெட்டிக்காரி. எட்டு மாதத்தில் முதல் புத்தகத்தை முடித்தாள். தன் பெயரைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதிவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் கொப்பியைத் தொடங்குவாள். அவ்வளவு நீளப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுவது லேசில்லை. மிஸஸ் பெர்மாலுக்கு அவளில் தனிப் பிரியம். எண்பத்தாறு கடைசியில் அவளுடைய இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. தன் ஆஸ்பத்திரியில் வார்டு உதவிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்று சான்றிதழ் காட்டினால் போதும், சேர்த்துவிடலாம் என்று அவர் விசாரித்து வைத்தார். ரூம் உண்டு, எட்டு மணித்தியால டியூட்டி, வெள்ளிக்கிழமை லீவு. விடுவதற்கு மாமாவும் சம்மதித்துவிட்டாள். வள்ளிநாயகி அந்த வார்த்தைகளை, ரூம், டியூட்டி, லீவு என்று மூன்று தரம் என்னிடம் திருப்பிக் கேட்டாள்.

பரீட்சையில் பாஸானாள். சான்றிதழ் எழுதுவதற்கு இடாப்பின் பிரதியை ரைப் செய்து தீவுக்கு அனுப்பவேண்டிய வேலை எனக்கு வந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். கப்பல் கம்பனியில் பதினொரு வருடம் நான் கற்ற ஒரே பாடம், ஒரு காகிதத்திலுள்ள பெயரும் இன்னொரு காகிதத்திலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் சரக்கு துறைமுகத்திலேயே கிடந்து அழுகும் என்பது. ஆஸ்பத்திரிக்காரன் பாஸ்போட்டைத்தான் பார்ப்பான். பாஸ்போட்டில் சித்தி மரியம். சான்றிதழில் வள்ளிநாயகி என்று இருந்தால் வேலை இல்லை. ஆகவே அவளுடைய பெயர் வரவேண்டிய வரியில் சித்தி மரியம் என்று அடித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு நல்லது செய்தேன் என்ற திருப்தியோடு தேத்தண்ணீர் குடித்தேன்.

நவம்பரில் பெட்டி வந்தது. மேலே சபைச் செயலாளரின் கடிதம். பாஸான ஏழு பேரையும் வாழ்த்தி, கடைசியில், இந்த முறை ஒரு முஸ்லிம் சகோதரியும் படித்து முடித்தது பேரானந்தம், வரும் ஞாயிறு அவருக்காக விசேஷ ஜெபம் என்று எழுதியிருந்தார்கள்.

மிஸஸ் பெர்மால் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “மகேசன், யார் இந்த சித்தி மரியம்?”

நான் விளக்கினேன். காரணகாரியத்தோடு நன்றாகவே விளக்கினேன். முஸ்லிம் பெண் ஒருத்தி தேவாலயத்தில் படித்தாள் என்று வெளியே தெரிந்தால் வகுப்பு மூடப்படும் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது, ஆனால் அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“அவளைக் கேட்டீர்களா?” என்றார்.

“கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவளுடைய நன்மைக்குத்தானே?”

“நீங்கள் கப்பல் கம்பனியில்தானே வேலை செய்கிறீர்கள்?” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வள்ளிநாயகியை மட்டும் நிற்கச் சொன்னார். மேசைமேல் சான்றிதழை வைத்தார். தடித்த தாள், தங்க நிற ஓரம், கீழே சிவப்பு முத்திரை. அவள் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அதை எடுத்தாள். நான் வாசித்துச் சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, விரலை எழுத்தெழுத்தாக வைத்துத் தானே வாசித்தாள். பெயர் இருந்த இடத்தில் விரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். தான்தான் பிழையாக வாசிக்கிறோம் என்று நினைத்தாள் போலும்.

“ஐயா, இது அவ பேருங்க” என்றாள்.

மிஸஸ் பெர்மால் மெதுவாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். “ஆஸ்பத்திரிக்கு இந்தப் பெயர்தான் உதவும். இதை எடுத்துக்கொண்டு போ, நான் ஒன்றும் சொல்லமாட்டேன், வருவது வரட்டும். இல்லை, உன் பெயரில்தான் வேண்டும் என்றால் இதைத் திருப்பி அனுப்பி வேறு எழுதுவிக்கிறேன். மூன்று மாதம் செல்லும், வேலை போய்விடும். தீவில் இருக்கிற இடாப்பில் ஒரு ஆளுக்கு ஒரு பெயர்தான் நிற்கும். எது என்று நீ சொல்லு.”

அவள் சான்றிதழைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே கார் ஹோன் அடித்தது, யாரோ ஒருத்தியை அழைத்துப்போக வந்த கார். ரூம், டியூட்டி, லீவு எல்லாம் அவளுடைய மனதில் ஓடியிருக்கும். என் மனதில் ஓடியது. எடுத்துக்கொண்டு போயேன் பெண்ணே என்று கத்தவேண்டும் போல இருந்தது.

“மரியம் படிக்கலீங்க” என்றாள் கடைசியில். “மரியம் பாத்திரம் கழுவுறா, துணி தோய்க்கிறா, தொழுகிறா. அவளும் பாவந்தான், ஒரு குத்தமும் சொல்லமாட்டேன். ஆனா வெள்ளிக்கெழம ரெண்டு மணிக்கு அவள அந்த வூட்டுக் கேட்டுலயே வுட்டுட்டுத்தான் நான் வாறேன். பரீட்ச எழுதுனது நானுங்க. என் பேரைப் போடச் சொல்லுங்க.”

இந்த முறை நான் சுருக்கவில்லை. ஒரு சொல் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மிஸஸ் பெர்மால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சான்றிதழை உறைக்குள் போட்டு, நான் ரைப் செய்த இடாப்புப் பிரதியின் கார்பன் நகலை என் பக்கம் தள்ளினார். “திருத்துங்கள்” என்றார்.

“வள்ளிநாயகி, நீங்களே எழுதுங்கோ” என்று நான் பேனையை அவளிடம் கொடுத்தேன். நான் ‘நீங்கள்’ என்றதை அவள் கவனித்தாளோ தெரியாது. என் அழகான ரைப் எழுத்துக்கு மேலே ஒரு கோடு கிழித்துவிட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில், வரிக்கு வெளியே போய்விடாமல் எழுதினாள்.

ஆஸ்பத்திரி வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. மாமா சந்தோஷமாக இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். மரியம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கும் வள்ளிநாயகிக்கு இப்போது தெரிந்திருந்தது.

மார்ச் மாதம் புதுச் சான்றிதழ் வந்தது. இந்த முறை பெயரை எவரும் மாற்றவில்லை. அவள் விரல் வைத்து வாசித்தாள், ஒருமுறை, இரண்டுமுறை. ஹோலில் இருந்த மற்றப் பெண்கள் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் அதை உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினாள்.

“என்ன, கொண்டு போகேல்லையா?” என்றேன்.

“எங்கங்க கொண்டு போறது? மாமா என் பெட்டிய ஒழுங்குபண்ணுவாங்க, கண்ணுல பட்டா யாரு இதுன்னு கேப்பாங்க. ஊருக்குப் போனாலும் ஏர்போட்டுல கேப்பாங்க. அந்த வூட்டுல வள்ளிநாயகின்னு யாரும் இல்லீங்களே. நீங்களே வச்சிருங்க ஐயா. வெள்ளிக்கெழம வந்தா பாத்துட்டுத் தாறேன்.”

கப்பல் கம்பனிக் கந்தோரில் என் மேசை லாச்சிக்குள் அதை வைத்துப் பூட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் இடாப்போடு சேர்த்து எடுத்துக்கொண்டு போவேன். அவள் முதலில் வந்து அதை வாங்கி, கதவோரம் நின்று வாசித்து, மடிப்பு விழாமல் திருப்பித் தருவாள். பிறகு போய்க் கொப்பியைத் திறப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் அதை மறந்துபோய் வந்துவிட்டேன். அவள் நேரே போய்க் கொப்பியைத் திறந்தாள். நான்தான் ரக்ஸி பிடித்துத் தேராவுக்குப் போய், கந்தோரைத் திறப்பித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.