வதனியின் வீட்டுக்கு வழி

நல்லரத்தினம் மோட்டார் சைக்கிளை நிறுத்திய இடத்தில் வீதி வாவிக்குள் இறங்கி முடிந்திருந்தது. சட்டைப் பைக்குள் இருந்த போன் மட்டும் இன்னும் நேரே போகச் சொன்னது. எடுத்துப் பார்த்தார். திரையில் நீலக்கோடு தண்ணீருக்கு மேலால் ஓடி, அக்கரையில் ஏறி, வயல்களுக்கு நடுவே வதனியின் வீட்டில் போய் நின்றது. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி இறக்கும் இரும்பு மிதவையை இந்தப் பக்கத்தில் பாதை என்பார்கள். அது கரையோடு கட்டிக் கிடந்தது. காற்று சுழன்றடித்து வாவி முழுக்க நுரைத்துக்கொண்டிருந்தது.

“பாதை ஓடாதா தம்பி?”

கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். “காத்து விழுந்தாத்தான் ஐயா. நீங்க மண்முனைப் பாலத்தால சுத்திப் போங்க. ஆர்ர வீட்ட போறீங்க?”

“தெரிஞ்ச ஆக்கள்ற வீடு,” என்றார் நல்லரத்தினம்.

சொன்ன வாய் கசந்தது. வதனி அவருடைய ஒரே தங்கை. தகப்பன் இல்லாத வீட்டில் அவர்தான் அவளை வளர்த்து ஆளாக்கினார். அக்கரை வயல் வட்டைகளில் கூலிக்கு உழவு மிசின் ஓட்டித் திரிந்த ஜெயரூபனைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம் பார்த்த அவருக்கு அது பெரிய மானக்கேடாகப் பட்டது. கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்தக் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஆறிய பிறகு போவதற்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அது கிடைக்காமலே வருடங்கள் போய்விட்டன. தேற்றாத்தீவில் அவர் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் வாவி. வானம் வெளித்திருந்தால் அக்கரைத் தென்னைகள்கூடத் தெரியும். அவ்வளவு தூரந்தான்.

போன கிழமை வதனியின் மகள் டிலோஜினி எப்படியோ நம்பரைத் தேடி எடுத்துக் கதைத்தாள். “மாமா, எனக்குக் கலியாணம். நீங்கதான் என்ட கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிப் போகோணும். அம்மா கேக்க வெக்கப்படுறா. அதான் நான் கேக்குறன்.” முகம் பார்த்திராத பிள்ளையின் குரல். “வாறன் புள்ள,” என்றார்.

இன்று காலையில் மனைவி புஸ்பம் முழங்கால் வீங்கி எழும்ப முடியாமல் இருந்தாள். “நீங்க போங்க. வழியில கேட்டுக் கேட்டுப் போகலாந்தானே.”

“கூடப்பிறந்தவள்ற வீட்டுக்கு ஆரிட்டப் போய் வழி கேக்கிற?”

அவள் போனை வாங்கி, டிலோஜினி தாயின் நம்பரோடு அனுப்பியிருந்த லொக்கேசனைத் திறந்து, வேறும் எதையோ அழுத்தினாள். “நீங்க எங்க போறீங்க எண்டு வதனிர போன்லயும் தெரியும். லைவ் லொக்கேசன் போட்டிருக்கன். பாத்துக்கொண்டிருப்பாள், கெதியாப் போங்க.”

துறையடியில் நின்றபோது அவருக்கு அதெல்லாம் ஞாபகத்தில் இல்லை. வேகமாக விட்டால் பாலத்தால் சுற்றியும் முகூர்த்தத்துக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அந்த நினைப்புக்கு அடியிலிருந்து இன்னொன்று மெல்ல எழும்பியது. பாதை ஓடவில்லை. காற்று. அவரில் பிழை இல்லையே. வெளிக்கிட்டு வந்தேன், துறையோடு நின்றுபோனது என்று சொல்லலாம், யாரும் குறை சொல்ல முடியாது. பந்தலில் ஜெயரூபனின் சொந்தக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்க்க, அந்த நடுவால் நடந்து போகத் தேவையில்லை. நெஞ்சு லேசாகிப்போனது. அப்படி லேசாகியதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். பைக்குள் இருந்த குரல் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு சந்தியில் நிறுத்தி அதன் வாயை அடைத்தார்.

அந்தச் சந்திக் கடையில் பிளேன்டீ சொன்னார். கடைக்காரர் அவருடைய பட்டு வேட்டியைப் பார்த்தார். “கலியாண வீட்டுக்குப் போல?”

“ஓம்.”

“ஆர்ர கலியாணம்?”

“என்ட மருமகள்ற.”

அது தானாக வாயில் வந்தது. மருமகள் என்ற சொல்லை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தேத்தண்ணி பாதியில் இருக்க எழும்பிவிட்டார். பிறகு மண்முனைப் பாலம், கிரவல் வீதி, வயல், மறுபடியும் கிரவல். வேட்டியெல்லாம் செம்புழுதி. கடைசித் திருப்பத்தில் ஒலிபெருக்கிப் பாட்டுக் கேட்டது.

பந்தலில் சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மணவறையில் பொம்புளையும் மாப்பிள்ளையும் மாலையோடு இருந்தார்கள்.

வதனி பாயாச வாளியோடு வந்துகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. அவரைக் கண்டதும் நின்றாள்.

“வாங்கண்ணன்.”

“பாதை ஓடல்ல வதனி. இந்தப் போன் அதாலதான் கூட்டிப் போச்சு. மறுகா மண்முனையால சுத்தி...”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “துறையடியில நீங்க நிண்டதப் பாத்தன். பாலத்தால வருவீங்க எண்டு ஐயரக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னன். உங்கட வண்டி வீட்டுப் பக்கம் கிறுகினதையும் பாத்தன் அண்ணன். அதுக்குப் பிறகுதான் தாலியக் கட்டச் சொன்னன்.”

குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

“நான் திரும்பவும் வந்தன்தானே,” என்றார்.

“ஓம். அதுக்குப் பிறகு நான் போனப் பாக்கல்ல.”

“புள்ளைய ஆர் கூட்டி வந்த?”

“அவள் தனியத்தான் நடந்து வந்தாள்.” வதனி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். “இருங்க. முதல்ல சாப்பிடுங்க.”

இலையைப் போட்டு அவளே பரிமாறினாள். கத்தரிக்காய், பருப்பு, சோறு. அவர் பிசைந்தார். ஒரு வாய்கூட வைக்கவில்லை. அப்போது மணவறைப் பக்கமிருந்து படம் பிடிக்கிறவர் கூப்பிட்டார்.

“பொம்புளைட ஆக்கள் எல்லாரும் வாங்க!”

ஜெயரூபன் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார். பின்னால் வேறு யார் யாரோ போனார்கள். மணவறையிலிருந்து டிலோஜினி பந்தலைப் பார்த்தாள். யாரைத் தேடினாள் என்று தெரியவில்லை. நல்லரத்தினம் வதனியைப் பார்த்தார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் கதிரையிலிருந்து பாதி எழும்பி நின்றார். பிசைந்த சோறு விரல்களில் ஒட்டிக் காயத் தொடங்கியிருந்தது.