ஜீப்புக்குப் பாதிக் கூரை

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி ஜீப்புக்குக் கூரை கிடையாது. பொன்னேரியில் வாங்கி வந்த கித்தான் துணி பாதி வண்டிக்குத்தான் போதும். அதைக் கட்ட, ஆஸ்பத்திரியில் தோட்டக் கூலியாக இருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

"முன்சீட்டு மேல கட்டுப்பா," என்றார் டிரைவர் மொய்னுதீன். பெரியவர்கள் உட்காரும் பக்கம்தான் நிழல் என்பது வழக்கம்.

நர்ஸாக இருக்கும் என் மகள் ஞானம்மா குறுக்கே வந்தாள். "பின்னால கட்டு நைனா. புள்ளத்தாச்சிங்கள அங்கதான படுக்க வெச்சி இட்டுக்கினு வர்றோம்."

"அப்ப நீயும் நானும் காயறதா?"

"நமக்குக் கொடை இருக்குது பாய். வலி எடுத்தவ கொடை புடிச்சிக்கினு வருவாளா?"

அவர் சிரித்துவிட்டார். "இன்னா வாய்ப்பா இந்தப் பொண்ணுக்கு," என்றார் என்னிடம்.

"என் பொண்ணு பாய்," என்றேன். கயிற்றைப் பின்பக்கக் கம்பியில் இறுக்கும்போது, அவர் கேட்காமலே இன்னொரு தரமும் சொன்னேன்.