ஆர்பிசன் வக்கீல் ஜெயித்த வழக்கு

சஸ்குவஹானா ஆற்றுக்கு மேற்கே, வெள்ளைக்காரர்கள் காட்டை வெட்டி ஊராக்கிக்கொண்டிருந்த அந்தச் சீமைக்கு நத்தானியேல் ஆர்பிசன் ஒருவர்தான் வக்கீல். வேலித் தகராறு, பன்றித் திருட்டு என்று ஆறு வருஷம் குப்பை கொட்டியாகிவிட்டது. சட்டசபைக்குப் போகும் ஆசை மட்டும் உள்ளே கனன்றுகொண்டே இருந்தது.

அந்த வருஷம் பனி உருகும் சமயத்தில், கூடை முடைந்து விற்ற, டெலாவேர் என்ற பழங்குடி இனத்துக் கிழவர் ஜோசப்பையும் அவர் மனைவியையும் யாரோ குடிசைக்குள்ளேயே வெட்டிப் போட்டார்கள். ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். மறுநாள் மாவு ஆலை நடத்தும் ஜெர்மன் விதவை கத்தரினா வக்கீல் வீட்டுக்கு வந்தாள்.

“வெட்டினது டூகல் மெக்கின்ட்ரிதான், வக்கீலய்யா. கோடாலியோட வெளிய வந்தத நானே பாத்தேன். எனக்கு ஒரு கண்ணுல புரை. ஊர்ல யாருக்கும் தெரியாது, உங்ககிட்ட மறைக்கல. இன்னொரு கண்ணு நல்லாத் தெரியும்.”

அவள் சொன்னதை எழுதி ஷெரீபுக்கு அனுப்பினார் ஆர்பிசன். டூகல் கைதானான்.

மூன்றாம் நாள் டூகலின் அண்ணன் ஆர்ச்சி நாற்பது பேரோடு வந்தான். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான்.

“அக்டோபர்ல தேர்தல். எங்காளுங்க கை காட்டுறவருக்குத்தான் சட்டசபை. தம்பிக்கு நீங்க வாதாடுறீங்க. என்ன சொல்றீங்க?”

அவர்கள் போனதும் மனைவி மார்ஜரி வந்து நின்றாள். “நம்ம புள்ளைக்குத் தொட்டில் முடைஞ்சு குடுத்த மனுஷன் அந்த ஜோசப்பு.”

“நான் வாதாடலேன்னா வேற எவனாவது வாதாடத்தான் போறான்.”

“அப்ப அந்த எவனாவதே வாதாடட்டும்.”

ஆர்பிசன் வாதாடினார். கத்தரினா கூண்டில் ஏறியதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

“அம்மா, உங்க கண்ணுல புரை இருக்கா?”

அவள் அவரையே பார்த்தாள். “அது நான் உங்கள நம்பிச் சொன்னது.”

“இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

நடுவர்கள் எழுந்து போய் ஆலோசிக்கக்கூட இல்லை; குற்றமில்லை என்றார்கள். டூகலையும் வக்கீலையும் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அக்டோபரில் ஆர்பிசன் ஜெயித்தார்.

ஏழு வருஷம் சட்டசபையில் இருந்தார். பாலம் வந்தது, நீதிமன்றக் கட்டடம் வந்தது. ஏழாம் வருஷம் இன்னொரு டெலாவேர் குடும்பத்தைக் குடிசைக்குள் வைத்து யாரோ கொளுத்தியபோது அவருக்கு என்னவோ பொறுக்கவில்லை. இத்தகைய கொலைகளை உள்ளூர் நடுவர்களிடம் விடாமல் தலைநகரில் விசாரிக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார்.

ஆர்ச்சி தேடி வந்தான். “இந்த நாற்காலி யாரு போட்ட பிச்சை?”

ஆர்பிசன் மசோதாவைத் திரும்பப் பெற்றார். பெற்றும் பயனில்லை. அடுத்த தேர்தலில் அவர்கள் டூகலையே நிறுத்தினார்கள். ஆர்பிசனுக்குப் பதினோரு ஓட்டு விழுந்தது.

“இத்தனை செஞ்சும் பாத்தியா, நன்றி கெட்டவனுங்க” என்றார் மனைவியிடம்.

“நன்றியப் பத்தி நீங்க பேசாதீங்க” என்று சொல்லிவிட்டு மார்ஜரி பால் கறக்கப் போனாள்.

மறுவாரம் டூகல் வாசலில் குதிரையை நிறுத்தினான். ஆற்றுக்கு மேற்கே எந்த டெலாவேர்காரரும் குடியிருக்கக் கூடாதென்று மசோதா வேண்டுமாம். எழுத அவனுக்குத் தெரியாது.

“உள்ள வாங்க” என்றார் ஆர்பிசன். உட்கார்ந்து, சட்டத்தில் ஒரு ஓட்டைகூட இல்லாமல் எழுதிக் கொடுத்தார்.