பேசி முடித்த பிறகு பொன்னாடை

பொன்னாடை தோளில் விழும் முன் மணிமொழி அதைக் கையால் தடுத்தாள்.

“பேசி முடிச்சப்புறம் போடுங்கண்ணே. அப்பவும் போடணும்னு தோணுச்சுன்னா.”

வெள்ளிமலைச் சமுதாயக் கூடத்தில் சலசலப்பு நின்றது.

வெளியீட்டு விழாக்களின் வரிசை அவளுக்கு அத்துப்படி. முதலில் பொன்னாடை, அடுத்து முதல் பிரதி, கடைசியில் மைக். தோளில் ஜரிகை ஏறிவிட்டால் எந்த விமர்சகருக்கும் குறை சொல்ல வாய் வராது.

பொன்னாடையோடு நின்றவர் கண்ணாயிரம். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயி, நாவலாசிரியர். மணிமொழி களமருதூரில் வீட்டைவிட்டு விரட்டப்பட்டது, கள்ளக்குறிச்சியில் தன்னைப் போன்ற திருநங்கைகளுக்கு மனைப்பட்டா கேட்டுப் போராடியது, விமர்சகராகப் பெயரெடுத்தது எல்லாவற்றையும் அவளிடமே கேட்டு, அவள் சம்மதத்தோடு நாவலாக்கியிருந்தார். கடைசி அத்தியாயத்தை மட்டும் காட்டவில்லை. நேற்று அச்சுப் பிரதியில்தான் படித்தாள். இதே மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவிலிருந்து குதித்து நாயகி செத்துப்போகிறாள்.

இன்று முதல் பிரதியை வாங்கினால், அந்தச் சாவை அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. மலையேறும் பஸ்ஸில் தோழி ராதிகா கேட்டிருந்தாள்: “நம்ப கதைன்னாலே கடைசியில பொணம்தானாக்கா?”

ராதிகா இப்போது முன்வரிசையில்.

மணிமொழி மைக்கைப் பிடித்தாள். பட்டா போராட்டப் பகுதியை மனம்விட்டுப் பாராட்டினாள். கண்ணாயிரம் பொன்னாடையை விரித்து ஓரடி முன்னால் வந்தார்.

“இருங்க, இன்னும் முடிக்கல,” என்றாள். “அதே வளைவுல நான் காலையில பஸ்ல வந்தேன். ஜன்னலோரம். தலைகூட சுத்தல. உங்க நாயகி மட்டும் ஏன் குதிக்கிறா? படிக்கிறவங்க அழணும்னா நான் சாவணுமா?”

கூடம் சிரித்தது. கண்ணாயிரத்தின் முகம் கறுத்தது.

“சந்தோஷமா முடிச்சா யாரும்மா நம்புவாங்க?”

“சந்தோஷமா முடிக்கச் சொல்லலிங்க. முடிக்காம வுடுங்கன்றேன்.”

“அப்ப அவ இன்னாதான் ஆவா?”

“அத நானே எழுதிக்கினு இருக்கேன். அந்தப் புஸ்தக வெளியீட்டுக்கு நீங்கதான் விமர்சனம். பொன்னாடை கெடையாது.”

முதலில் கைதட்டியது ராதிகா. பிறகு கூடம் முழுக்க.

கண்ணாயிரம் பொன்னாடையை மடித்தார். மேசையில் பிரிக்காமல் கிடந்த முதல் பிரதியின் மேல் வைத்தார். மேடையிலிருந்து இறங்கி, ராதிகாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மேல பேசும்மா.”

மணிமொழி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஐந்தாம் அத்தியாயத்தின் குறைகளுக்குப் போனாள்.