வெயிலில் காய்ந்த போர்வை

சலவைக்கடைக்காரருக்கு ஈர வாடை என்றாலே ஆகாது. துணி உலர்த்தும் மெஷின் வாங்கச் சொன்னவர்களிடம், "மேல சூரியன் சும்மாதானே நிக்கிறான்?" என்பார். மொட்டைமாடி முழுக்கக் கொடி. மொறுமொறுவென்று காய்ந்த துணியை மோந்து பார்த்து மடிப்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

மனைவிக்கு மூச்சிழுப்பு வந்தபோது அந்தக் கர்வமே அக்கறையாக மாறியது. தினமும் மாடியிலிருந்து சூடு ஆறாத போர்வையைக் கொண்டுவந்து அவளுக்கு விரித்தார். இழுப்பு கூடியது. தலையணை உறையையும் மாடிக்கு ஏற்றினார். இன்னும் கூடியது. ஜன்னல் திரையையும் விட்டுவைக்கவில்லை. மனிதர் எதிலும் குறை வைக்காதவர்.

தன் அக்கா வீட்டுக்குப் போனால் மட்டும் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. அந்த அக்காவோ துணியைச் சமையலறையில் காயப்போடுகிறவள். போர்வையில் ஈர வாடை குப்பென்று அடிக்கும். இவருக்குப் பொறுக்கவில்லை.

"அங்க போனா நல்லாயிடுது, இங்க வந்தா இழுக்குது. நடிக்கிறியா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்விட்டாள்.

அவளுக்கு மருந்து எழுதி வாங்கப் போனவரிடம் டாக்டரம்மா கேட்டார்: "போர்வையெல்லாம் எங்க காயப்போடுறீங்க?"

"மாடியிலதாம்மா. நல்ல காத்து, நல்ல வெயில்."

"பக்கத்துல மரம் இருக்கா?"

வரிசையாகவே இருந்தது. முன்பெல்லாம் குளிர் முடிந்ததும் கொஞ்ச நாள் பூத்து அடங்கிவிடும். இப்போது குளிர் பேருக்கு வந்துவிட்டுப் போகிறது. சூடு ஏற ஏற மரங்கள் முந்திக்கொண்டு பூக்கின்றன, லேசில் ஓய்வதுமில்லை. அந்த மகரந்தத் தூள் ஈரத்துணியில் ஒட்டிக்கொள்ளும், அதில் முகம் வைத்துப் படுத்தால் இழுக்காமல் என்ன செய்யும் என்றார் டாக்டரம்மா. சலவைக்கடைக்காரர் தன் கைகளைப் பார்த்தார். அவள் திணறத் திணற, அதை அள்ளி அள்ளி விரித்தது அவர்தானே!

மறுநாள் ஒரு போர்வையை ஜன்னலைச் சாத்திவிட்டு, அறைக்குள்ளேயே மின்விசிறிக்கடியில் காயப்போட்டார். ஈர வாடை அடித்தது. அதை மடித்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"போர்வையாலதான் உனக்கு இழுத்திருக்கு. நான்தான்மா காரணம். இது உள்ள காயவெச்சது."

அவள் வாங்கி மோந்து பார்த்தாள்.

"எனக்கு முன்னாடியே சந்தேகம்தாங்க."

"சொல்லியிருக்கலாமே!"

"விரிச்சிட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு நிப்பீங்க. சொல்ல எனக்கு மனசு வரல. நடிக்கிறேன்னு சொல்ல உங்களுக்கு வந்துச்சு."

வீட்டுக்கு வா என்று கூப்பிட வந்தவர், கூப்பிடாமலே வாசற்படியில் உட்கார்ந்தார்.