உபயம்: ஒரு துடுப்புக் கவை

1

மனிதகுலத்தின் நாகரிகம் வெண்கலத்தில் தொடங்கியது. வெண்கலம் முறியும் இடத்தில்தான் அது தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் உலாவினேன். உலாவ வைக்கிற வாக்கியம். திரும்பி வந்து படித்தபோது அதற்கு ஒரு பொருளும் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் அடிக்கவில்லை. பின்னால் வரப்போகும் வெங்கடரமணனுக்கு அது பிடிக்கும்.

உண்மையில் கதை தொடங்கியது புத்தூரிலிருந்து ரேணிகுண்டா போகும் பஸ்ஸில். பக்கத்து இருக்கையில் பிரமிளா என்ற பெண்மணி மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பைக்குள் ஏதோ டிபன் டப்பாவில் இடித்துக் கணீரென்றது.

"பூஜை மணியாம்மா?" என்று கேட்டேன்.

"மணியா? படகு சாமான் சார். ஒடஞ்சி பூட்ச்சி. செஞ்சவன் மூஞ்சிமேல கடாசிட்டு வரலாம்னு போய்க்கினு கீறேன்."

இப்படி ஒன்று காதில் விழுந்த பிறகு நாகரிகமாவது, முகமாவது.

2

(கைவிட்ட இரண்டாம் தொடக்கம்: "ஏரி அன்று கண்ணாடியாய்க் கிடந்தது. கரையில் கோவர்த்தனன், காலத்தின்..." காலத்தின் என்ன? எனக்கே தெரியவில்லை. அவர் கரையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.)

கோவர்த்தனன் பிரமிளாவின் கணவர். நகரிப் பக்கத்து ஊர் ஒன்றில், ஏரியில் மீன் பிடிப்பவர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே தெப்பக் கமிட்டித் தலைவரின் மகன் வக்கீல். கோவர்த்தனனின் சின்னப் படகு ஏதோ கப்பல் கழித்துவிட்டது, சென்னையில் வாங்கியது. துடுப்புகளைத் தாங்கிப் பிடிக்க, படகின் விளிம்பில் பக்கத்துக்கு ஒரு வெண்கலக் கவை. உண்டிக்கோலின் தலையை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தெப்பத் திருநாளில் பெருமாளின் தெப்பத்தை யாருடைய படகு ஏரியில் மூன்று சுற்று இழுக்கிறதோ, அவருக்குத்தான் அந்த வருஷம் முழுக்க வலை வீசும் உரிமை. சுற்று குறைந்தால் உரிமை அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆள் குணா. குணாவிடம் மோட்டார் படகு இருக்கிறது.

தெப்பத்துக்கு முந்தின மாதம், மதகுக் கல்லில் இடித்து, கோவர்த்தனனின் இடது கவை முறிந்தது.

[இரும்பில் ஒன்று அடித்து மாட்டினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கோவர்த்தனனும் கேட்டார். பெருமாளை இழுக்கிற படகில் இரும்பா என்று கமிட்டி அதிர்ந்துபோனது. தெப்பத்தையே மிதக்கவைப்பவை தார் டிரம்கள் என்பது அப்போது யார் நினைவுக்கும் வரவில்லை.]

3

இப்போது வெங்கடரமணன். இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஓய்வுபெற்ற மண்டலக் கல்வி அதிகாரி, தெப்பக் கமிட்டித் தலைவர், மைக் இல்லாமல் பேசத் தெரியாதவர் என்று எழுதினால், கேலிச்சித்திரம் என்பீர்கள். அதனால் முதல் பிரதியில் அவரை அடக்கமானவராக மாற்றிப் பார்த்தேன். இரண்டு பத்திகூடத் தாங்கவில்லை. மூன்றாவதில் அவரே ஒரு பாராட்டு விழா வைத்துக்கொண்டார். விட்டுவிட்டேன்.

"கவை நம்ம உபயம்," என்றார் அவர். "பேரு போட்டுடணும்."

"எங்க சார் போடறது?" என்றார் கோவர்த்தனன்.

"கவைமேலதாம்ப்பா."

"கட்டவெரல் அகலந்தான் சார் கீது."

"அப்ப பெருசா செய்யச் சொல்லு."

"பெருசா செஞ்சா துடுப்பு நிக்காது சார்."

"சரி, எழுத்த சின்னதா போடு. டிகிரிய மட்டும் வுட்டுடாத."

பொறிக்க வேண்டிய வாசகம்: எம். வெங்கடரமணன், எம்.ஏ., பி.எட்., குடும்பத்தார் உபயம். முன்னாள் பதவியை அவராகவே விட்டுக்கொடுத்தார். முதல் பிரதியின் அடக்கத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்.

4

ரேணிகுண்டாவில் சண்முகம் பட்டறை. சண்முகம் கோயில் மணி வார்ப்பவர். அவரையும் நல்லவராக எழுத ஆசைதான். கையில் வித்தை, வாயில் மௌனம் என்று ஒரு கைவினைஞரை வாசகர்கள் எதிர்பார்க்கிறார்கள். சண்முகம் வாயை மூடினால் அல்லவா?

"இந்த ஜில்லாவுல நம்ம மணி கேக்காத கோயிலே கெடயாது," என்று சொல்லிக்கொண்டே, வார்த்து முடித்த கவையை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டினார். அது நின்று நிதானமாகப் பாடியது. வெங்கடரமணன் கண்ணை மூடிக்கொண்டார். "சால பாகுந்தி," என்று தெலுங்கில் மெச்சினார். கோவர்த்தனனும் கண்ணை மூடிக்கொண்டார். பிரமிளா மட்டும் மூடவில்லை.

"படகு இன்னா ஆரத்தியா எடுக்கப்போவுது? இழுத்துப் பாத்தியாய்யா?"

"அம்மா, பொண்ணு பாக்கப் போனா பாடத்தான சொல்றோம்? தண்ணி தூக்கச் சொல்றமா?"

"தூக்கத்தானய்யா கட்டிக்கினு போறீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் தட்டிக் கேட்டார்கள்.

(கட்டுரை எழுதும் ஆசை இங்கே தலைதூக்குகிறது. சுருக்கமாக முடிக்கிறேன். வெள்ளீயம் கூடுதலாகச் சேர்ந்த வெண்கலம் பாடும், ஆனால் வளையாது, வெடுக்கென்று முறியும். படகுக்கு வேண்டியது பாடாத வெண்கலம். மணிக்கு அடி வாங்கிப் பழக்கம், இழுபட்டுப் பழக்கமில்லை. இப்படிப்பட்ட உலோகத்தின் மேல் ஒரு மனிதரின் இரண்டு டிகிரிகளை உளியால் ஆழமாக வெட்டினார்கள். திருப்பதிப் பக்கத்தில் வெண்கலத்தைச் சோதிக்க எல்லாருக்கும் தெரிந்த ஒரே வழி, காதில் வைத்துக் கேட்பது.)

5

தெப்பத்தன்று முதல் சுற்றில் பாதிகூடப் போகவில்லை. கவை சரியாக 'பி.எட்.' என்ற இடத்தில் முறிந்தது. பட்டமும் குடும்பத்தாரும் உபயமும் தண்ணீருக்குள் போய்விட, 'எம். வெங்கடரமணன், எம்.ஏ.,' படகில் தங்கியது.

இடது துடுப்பு போயிற்று. வலது துடுப்பை மட்டும் போட்டால் படகு என்ன செய்யும்? நின்ற இடத்திலேயே சுழலும். சுழன்றது. பின்னால் கயிற்றில் தெப்பமும், பெருமாளும், நாதஸ்வரக்காரரும் சுழன்றார்கள்.

கரையில் குணா மோட்டாரை உதைத்துக் கிளப்பினான். "சார்! கவ ஒடஞ்சி பூட்ச்சி! நான் வரேன்!"

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு வெங்கடரமணனைப் பார்த்தேன். முறிந்தது என்று ஒப்புக்கொண்டால், முறிந்தது அவருடைய உபயம்.

அவர் மைக்கைப் பிடித்தார். "எந்தக் கவையும் ஒடயல! பெருமாள் ஆனந்தமா சுத்தறாரு! மொதல் சுத்து பூர்த்தி! கோவிந்தா!"

"கோவிந்தா!" என்றது கூட்டம்.

அதே இடத்தில் இரண்டாவது சுற்றும் பூர்த்தியாயிற்று. மூன்றாவதும். குணா மோட்டாரை அணைக்க வேண்டியதாயிற்று.

6

நின்ற இடத்தில் சுழன்றதெல்லாம் சுற்றா என்று குணா மனு கொடுத்திருக்கிறான். கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுகிறது. நான் இதை எழுதுவது புதன்கிழமை. கோவர்த்தனன் இன்னும் வலையை ஏரியில் இறக்கவில்லை.

முடிவு அ: சுற்றுகள் செல்லும் என்று கமிட்டி தீர்மானிக்கிறது. செல்லாது என்றால் காரணம் எழுத வேண்டும். காரணத்தில் தலைவர் பெயர் வரும்.

முடிவு ஆ: "முரட்டுத்தனமா இழுத்து ஒடைச்சிட்டான்" என்று தலைவர் கோவர்த்தனன் மேல் பழி போடுகிறார். உரிமை குணாவுக்கு. பிரமிளா எழுந்து முறிந்த பாதியை மேசைமேல் போடுகிறார். அது அப்போதும் கணீரென்கிறது.

முடிவு இ (கைவிடப்பட்டது): கோவர்த்தனன் அந்தப் பாதியை ஏரியில் வீசிவிட்டு, விடியலை நோக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டே... எந்தக் கவையில் போடுவார்? இலக்கியத்தில் கவை இல்லாமலும் போடலாம், ஏரியில் முடியாது.

ஆகவே வாசகரே, கதையில் என் நாற்காலியை உங்களுக்குக் கொடுக்கிறேன். மூன்று சுற்று ஆயிற்றா, இல்லையா? கோவர்த்தனன் இந்த வருஷம் வலை வீசலாமா, கூடாதா? கையைத் தூக்குமுன், ரேணிகுண்டாவில் இறங்கும்போது பஸ் படியில் நின்று பிரமிளா குரலைத் தாழ்த்திச் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெப்பம் நின்ற இடத்தில் தண்ணீர் இடுப்பளவு. கோவர்த்தனன் இறங்கித் தள்ளிக்கொண்டே மூன்று சுற்றும் வந்திருக்கலாம். வேட்டி நனையும் என்று இறங்கவில்லை. அன்று அவர் கட்டியிருந்த பட்டு வேட்டி இரவல், குணாவுடையது.